இனிப்பு எங்கே போகிறது?

“செத்தவர் மேல பழியப் போடாதீங்க அண்ணி!”

“நான் எங்க போட்டேன்? அவரே ஒத்துக்கிட்டார்.”

“எப்போ?”

“காலையில.”

கதவில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த வால், மெதுவாகத் திரும்பித் தன் முதலாளியைப் பார்த்தாள்.

“சார், கேஸ் முடிஞ்சுது. ஆள் ஒத்துக்கிட்டாராம். விலங்கு மாட்டத்தான் கை இல்ல.”

சர்வேயர் உதட்டில் விரலை வைத்தார். சர்வேயர் என்பது அவர் பெயர் இல்லை. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் சுற்றிப் பார்த்து, “இது தானா எரியல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலை போய், தனியாகத் துப்பறிய வந்த பிறகும் பட்டம் ஒட்டிக்கொண்டது. வாலுக்கும் அப்படித்தான். ஆட்களைப் பின்தொடர்வதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவள் வாயால் வந்த பெயர் என்று அவர் சொல்வார்.

உள்ளே சண்டை தொடர்ந்தது.

“ரூம் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு இயக்குநர் சொல்றார்.”

“அவர்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு தம்பி.”

“அந்தச் சாவிய அவர் சட்டைப் பையிலேர்ந்து எடுத்ததே நான்தானே அண்ணி. ஆஸ்பத்திரியில.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“சார்,” என்றாள் வால் கிசுகிசுப்பாக. “அவன் அண்ணி அண்ணிங்கறான். பதில் சொல்றது ஆம்பளக் குரலா இருக்கே. உள்ள மூணாவதா யாரு?”

கதவு திறந்தது. உள்ளே இரண்டே பேர்தான் இருந்தார்கள். வாசலில் கண் சிவந்த ஒரு வாலிபன். அவனுக்குப் பின்னால் மேசையருகே, அந்த உச்சி வெயில் நேரத்தில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி.

“யாரு?” என்று அவள் கேட்டாள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது ஆளின் குரல் அவளுடையதுதான்.

* * *

அவர்களை வரவழைத்த, இதயத்தை ஆராய்கிற அந்தக் கட்டடத்தின் இயக்குநர் காலையில் சொன்னது இவ்வளவுதான். விலங்குப் பிரிவை நடத்திவந்த டாக்டர் சில மாதங்களுக்கு முன் நெஞ்சடைத்துச் செத்துப்போனார். அவர் மனைவியும் டாக்டர். இருவரும் சேர்ந்து செய்துவந்த ஆராய்ச்சியை இப்போது அவள் நடத்துகிறாள். எலி பார்த்துக்கொள்ள செத்தவரின் தம்பி. டாக்டர் போனதிலிருந்து அந்த எலிகளுக்கு என்னவோ நடக்கிறது. யாரோ கை வைக்கிறார்கள்.

“இன்னிக்கு சாயங்காலம் விசாரணைக் குழு வருது,” என்றார் இயக்குநர். “யாருன்னு தெரியலன்னா எலிங்களக் கொன்னுட்டு அந்த ரூமப் பூட்டிடுவாங்க. அந்தம்மா மேல பொய் ஆராய்ச்சின்னு முத்திரை விழும். அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் அவங்களுக்கு வேலை கிடையாது. நல்ல மனுஷி சார். துக்கத்துல பண்றாங்களோன்னு எனக்கே சந்தேகம்.”

இப்போது தம்பி அவர்களை எலி அறைக்குக் கூட்டிப்போனான். கதவில் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது.

‘மகாராணிகள் ஓய்வெடுக்கிறார்கள். மெதுவாகப் பேசவும்.’

“அண்ணன் எழுதினது,” என்றான் தம்பி. “அவருக்கு எப்பவும் வெளையாட்டு.”

“நான் ஓய்வெடுக்கிறப்ப யாரும் இப்படி அட்டை மாட்டினதில்ல,” என்றாள் வால், சர்வேயரைப் பார்க்காமல்.

உள்ளே இருட்டு. வெளியே வெயில் கொளுத்த, இங்கே ஒரே ஒரு சிவப்பு விளக்கு. எலிக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு என்பதால் பகலை ராத்திரியாக மாற்றி வைத்திருக்கிறார்களாம். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் தலைகீழாக ஒரு தண்ணீர்ப் பாட்டில். நூற்றுக்கணக்கான சின்ன நகங்கள் மரத்தூளைப் பிறாண்டும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்பது போலிருந்தது.

“எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றார் சர்வேயர். “நான் கார் இன்ஷூரன்ஸ் ஆளு.”

“நானும் டாக்டர் இல்ல சார், ரேடியோ டிவி ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணன் போனப்புறம்தான் வந்தேன்.” தம்பி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். “இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குல்ல? அதோட சுரப்பு கொறஞ்சுபோனா நெஞ்சு என்ன ஆகும்னு பாக்கறதுதான் வேலை. மனுஷங்கள வெச்சு அதப் பாக்க முடியாது. அதனால இந்த வலது பக்க எலிங்களோட தண்ணியில ஒரு மருந்து கலக்கறோம். அது சுரப்பிய அமுக்கிடும். நாள் போகப் போக எலி மந்தமாயிடும். குளிர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். நெஞ்சு மெதுவா அடிக்கும், தொளதொளன்னு போயிடும். அதுக்கப்புறம் அந்தச் சுரப்ப மருந்தாத் திருப்பிக் குடுத்தா நெஞ்சு மீளுமா? அண்ணனோட கேள்வி அதுதான்.”

“இடது பக்கம்?”

“அதுங்களுக்கு வெறும் தண்ணி. ஒப்பிட்டுப் பாக்க.”

வால் வலது பக்கக் கூண்டில் மூக்கை ஒட்டினாள். உள்ளே மூன்று எலிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன.

“மந்தமா? இதுங்க கல்யாண வீட்டுல மொய் எழுத வந்த மாதிரி ஓடுதுங்க.”

“அதான் பிரச்சினை! அண்ணன் இருந்தப்ப துணி மூட்டை மாதிரி கெடந்துச்சுங்க. அவர் போனதும் தானாத் தேற ஆரம்பிச்சிடுச்சு. நான் மருந்த நிறுத்தவே இல்ல சார். தெனமும் நானே என் கையால கலக்கறேன்.”

அவன் ஒரு எலியை எடுத்து, பொத்தான் அளவு தகட்டை அதன் மார்பில் வைத்தான். மேசை மேலிருந்த ஸ்பீக்கரில் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி படபடவென்று சத்தம் வந்தது.

“இது மெதுவா இருக்க வேண்டிய நெஞ்சு,” என்றான்.

சர்வேயர் தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்த்தார். “இதெல்லாம் எப்போ வெச்சது?”

“நேத்து.”

“கிட்டத்தட்ட முழுசா இருக்கே.”

தம்பியின் குரல் இறங்கியது. “அது இன்னொண்ணு சார். நான் வெச்சிட்டுப் போறேன், மறுநாள் வந்து பாத்தா ஒரு மடக்கு கூடக் கொறைஞ்ச மாதிரி இல்ல. இந்த ஓட்டம் ஓடற எலி தண்ணி குடிக்காமலா இருக்கும்? யாரோ நல்ல தண்ணிய ஊத்தி ரொப்பிடறாங்க. அண்ணின்னு இயக்குநர் நெனைக்கிறார். அண்ணனே வந்து ரொப்பறார்னு அண்ணி சொல்றாங்க.”

“ஆவி வந்து தண்ணி புடிச்சு வெக்குதுன்னா எங்க வீட்டுக்கும் அனுப்புங்க,” என்றாள் வால். “எங்க தெருக் குழாயில காத்துதான் வருது.”

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

லப்… டப்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடியும்.

லப்… டப்.

எலிகள் கூட ஓட்டத்தை நிறுத்தின மாதிரி வாலுக்குத் தோன்றியது. தம்பியின் கையிலிருந்த எலி மட்டும் படபடவென்று ஸ்பீக்கரில் துடித்துக்கொண்டிருந்தது.

“எலி நெஞ்சு இப்படி அடிக்காது,” என்றான் தம்பி. அவன் முகம் சிவப்பு வெளிச்சத்திலும் வெளுத்துத் தெரிந்தது. “கேட்டீங்களா? அது எங்க அண்ணன்.”

* * *

டாக்டரம்மா நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். மேசையில் இன்னொரு ஸ்பீக்கர். அதிலிருந்து போன ஒயர் அவளுடைய ஸ்வெட்டருக்குள் போயிருந்தது.

வால் பெருமூச்சு விட்டாள். “அப்பாடா. உங்க நெஞ்சா மேடம்! நாங்க பயந்தே போயிட்டோம்.”

“என்னோடது இல்ல,” என்றாள் டாக்டரம்மா கண்ணைத் திறக்காமல்.

வால் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு எப்பவும் கொஞ்சம் வேகமாத்தான் அடிக்கும். அவர் இந்தத் தகட்ட வெச்சுக் கேட்டு கேலி பண்ணுவார். அவரோடதுதான் மெதுவா அடிக்கும். சின்ன வயசுல நீச்சல்காரர். பக்கத்துல படுத்துக் காத வெச்சா, அடுத்தது வருமா வராதான்னு பயமா இருக்கும். வரும்.” அவள் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பது போலப் பேசினாள். “ஒரு நாள் வரல.”

லப்… டப், என்றது ஸ்பீக்கர்.

“இப்ப அது இங்க இருக்கு. நீங்களே கேக்கறீங்களே.”

சர்வேயர் எதிரே உட்கார்ந்தார். “அவர் வர்றார்னு வேற எதை வெச்சும்மா சொல்றீங்க?”

“பாட்டில் ரொம்பியிருக்கு. அப்புறம் மாத்திரை.”

“என்ன மாத்திரை?”

அவள் சால்வையை விலக்கினாள். கழுத்தின் குறுக்கே பழைய தழும்பு, மெல்லிய மாலை போல. “எனக்குச் சுரப்பியே கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டின்னு எடுத்துட்டாங்க. தெனம் காலையில ஒரு மாத்திரை போடணும். வீட்டுல மறந்துடுவேன்னு இங்கயே வெச்சிருந்து, நான் வந்ததும் ஒரு மூடியில போட்டு நீட்டுவார். நான் பாக்கக் கூட மாட்டேன், வாயில போட்டுக்குவேன். இப்ப தம்பி அதே மூடியில வெக்கறான்.” அவள் உப்பிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பார்க்க என்னவோ செய்தது. “அவர் இருந்தப்ப அது சப்புன்னு இருக்கும். இப்ப இனிக்குது. அவர் கை படாம எப்படி இனிக்கும்?”

வால் ஆறுதலாக அவள் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டாள். ஃப்ரிட்ஜில் வைத்த கரண்டி மாதிரி இருந்தது.

* * *

வராந்தாவில் வால் தன் உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“சார், நான் சொல்றேன். அந்தத் தம்பிதான். அண்ணனோட எடத்த புடிக்கணும். அண்ணிக்குப் புத்தி சரியில்லன்னு காட்டினா போதும்.”

“ரேடியோ ரிப்பேர்காரர் டாக்டரோட எடத்துல உக்காந்து என்ன பண்ணுவார்?”

“சரி, அப்ப அந்தம்மாதான். எலி மேல பரிதாபம். நல்ல தண்ணிய ஊத்திடறாங்க.”

“அப்படின்னா தண்ணி எப்படி இருக்கணும்?”

“எப்படின்னா? தண்ணி மாதிரி.”

சர்வேயர் நின்றார். “வாலு, இன்னிக்குத்தான் நீ சம்பளத்துக்கு வேலை செஞ்சிருக்க. வா.”

எலி அறையில் தம்பி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சர்வேயர் வலது பக்கக் கூண்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் அதன் வாயில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்.

“அறிவிருக்கா உனக்கு?”

“த்தூ! வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது!” அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். “இத எவன் குடிப்பான்? நான் எலியா இருந்தா உயிர் போனாலும் குடிக்க மாட்டேன்!”

“சரியாச் சொன்ன,” என்றார் சர்வேயர். “யாரும் ரொப்பல. எலிங்க சரியாக் குடிக்கல. அவ்வளவுதான். நல்ல தண்ணி ஊத்தியிருந்தா கசப்பு கொறஞ்சிருக்கும்.”

தம்பி எழுந்து வந்தான். “இருக்காதே சார். மருந்து கசக்கும்தான். கசந்தா எலி குடிக்காதுன்னுதான் கூடவே இனிப்பு மாத்திரையும் போடறோம். சர்க்கரை வியாதிக்காரங்க காப்பியில போடுவாங்களே, பொடிப்பொடியா வெள்ளையா, அது. நான் தவறாமப் போடறேன்.”

“தெனமுமா?”

“அண்ணன் மேல சத்தியமா.”

சர்வேயர் பாட்டிலைத் திரும்ப மாட்டினார். அவர் குரல் மாறியிருந்தது. “தண்ணியில கசப்பு மட்டும்தான் இருக்கு. அப்ப இனிப்பு எங்க போகுது?”

வால் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். அவளுக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. இப்ப இனிக்குது.

“சார்…”

“உங்க அண்ணனோட மருந்து அலமாரியத் திறங்க,” என்றார் சர்வேயர்.

மூலையில் இருந்த மர அலமாரியில் மூன்றே மூன்று பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள் இருந்தன. மூன்றிலும் கதவு அட்டையில் இருந்த அதே அழகான கையெழுத்து. ஒன்றில் ‘கசப்பு’. ஒன்றில் ‘எலிக்கு’. ஒன்றில் ‘மகாராணிக்கு’.

“கசப்பும், எலிக்குன்னு எழுதினதும் தண்ணியில,” என்றான் தம்பி. “மகாராணிக்குன்னு இருக்கறது அண்ணிக்கு. ஆஸ்பத்திரியில அண்ணன் கடைசியா சொன்னதே அதான் சார். ‘அலமாரியில பாட்டில் இருக்கு. அவளுக்கு காலையில மறக்காமக் குடு.’ ஒரு நாள் கூட நான் மறக்கல.”

“மகாராணின்னா அண்ணின்னு யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? எலிக்குன்னு தெளிவா எழுதியிருக்கு. அப்ப மத்தது அண்ணிக்குத்தானே?”

“வெளியில அட்டையில யாரு மகாராணி?”

தம்பி கதவுப் பக்கம் திரும்பினான்.

“இங்க இருக்கற எலி எல்லாம் பொட்டையா?” என்று கேட்டாள் வால்.

“ஆ… ஆமா.”

வால் ‘மகாராணிக்கு’ பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். இந்தத் தடவை சர்வேயர் தடுக்கவில்லை. நாக்கில் வைத்தாள். அவள் வாயிலிருந்து ஒரு நக்கல்கூட வரவில்லை.

“சர்க்கரை,” என்றாள்.

தம்பி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். “அப்ப எலிக்குப் போட்டது?”

“உங்க அண்ணியோட உயிர்,” என்றார் சர்வேயர். “உயிர் தாங்கறதுக்காக நக்கின கொஞ்சத் தண்ணியிலயே எலிங்க அவங்க மாத்திரையக் குடிச்சுத் தேறிடுச்சு. கசப்பையும் அதிகம் குடிக்கல. அவங்க எலியோட இனிப்பச் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. உப்பின முகம், போன குரல், குளிர், மந்தம். இந்தக் கூண்டுக்குள்ள எதப் பாக்கணும்னு உங்க அண்ணன் ஆசைப்பட்டாரோ அது பக்கத்து ரூம்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“அவங்களே டாக்டராச்சே சார்!” என்றாள் வால்.

“புருஷன் செத்தவங்க அழுது மூஞ்சி வீங்கினா, மாத்திரையச் சந்தேகப்படுவாங்களா? இந்த அலமாரியத் திறந்திருக்காங்களா அவங்க?”

“இல்ல,” என்றான் தம்பி. அழுதுகொண்டிருந்தான். “அவர் கையெழுத்தப் பாக்க முடியாதுன்னு சொன்னாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

லப்… டப்.

மூவரும் அசையாமல் நின்றார்கள். அடுத்தது வரவில்லை. எலிகள் பிறாண்டின. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது வரவில்லை.

வந்தது.

“ஓடு வாலு!”

* * *

டாக்டரம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குக் கத்தினான். வால் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“மேடம்! மேடம்! டாக்டர்! அக்கா, கண்ணத் திறங்கக்கா!”

“அண்ணி!” என்று தம்பி அலறினான். “அண்ணி, நான்தான்!”

ஒரு அசைவும் இல்லை. ஸ்பீக்கரில் மட்டும் அந்தக் களைத்த நடை.

சர்வேயர் குனிந்தார். அவர் கையில் ‘எலிக்கு’ பாட்டில் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவள் காதருகே போய், ரொம்ப மெதுவாக, பக்கத்தில் படுத்திருப்பவர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

“எலி…”

அவள் கண் திறந்தது.

“வந்துட்டீங்களா?” என்றாள்.

தம்பி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அண்ணியையே பார்த்தான். அவன் அண்ணன் எல்லார் முன்னாலும் பெண்டாட்டியை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுவார். தனியாக இருக்கும்போது என்ன கூப்பிடுவார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

* * *

சாயங்காலம் குழு வந்தது. சர்வேயர் மூன்று பாட்டில்களை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். குழுவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சுரப்பி அமுங்கிய எலிகளின் நெஞ்சு மீண்டதை ஒரு முடிவாக ஏற்க முடியாது, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை, மாத்திரைக்கும் அளவில்லை என்றார். ஆனால் இது யாரும் செய்த பித்தலாட்டம் இல்லை, முறையாகத் திரும்பச் செய்ய வேண்டிய கேள்வி இது என்றும் அவரே சொன்னார். அறையைப் பூட்டவில்லை. எலிகளை யாரும் தொடவில்லை.

ஆனால் சர்வேயர் சந்தோஷமாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வால் போன் செய்திருந்தாள்.

“சார், கண்ணு முழிச்சிட்டாங்க. எல்லாம் சொல்லிட்டோம். எல்லாம் புரியுது அவங்களுக்கு. ஆனா மாத்திரை வேணாங்கறாங்க.”

சர்வேயர் அங்கே போனபோது டாக்டரம்மா மூன்று கம்பளிக்குள் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு மெஷின் அவளுடைய துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. காலடியில் தம்பி தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் தலையில் கையை வைத்திருந்தாள்.

“அவன் மேல தப்பில்ல,” என்றாள். “சரியாத்தான் படிச்சான். அவர் எழுதினதுதான் அப்படி.”

“மாத்திரை போட்டுக்கங்கம்மா.”

“எனக்குத் தெரியும் சார், போட்டா என்ன ஆகும்னு. நான் ஆயிரம் எலிக்குப் பாத்திருக்கேன். நெஞ்சு வேகமாகும். பழையபடி படபடன்னு அடிக்கும்.” அவள் மெஷினைப் பார்த்தாள். “அது அப்புறம் என்னோடதாயிடும். இத்தன நாள் அவர் இருந்தார். போட்டா போயிடுவார்.”

எரிந்த கடை எப்படி எரிந்தது என்று சர்வேயருக்குச் சொல்லத் தெரியும். எரிந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று எந்தக் கம்பெனியும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வால்தான் கட்டிலில் உட்கார்ந்தாள். சர்வேயர் கொண்டுவந்த ‘எலிக்கு’ பாட்டிலை வாங்கி, எழுத்து தெரிகிற மாதிரி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அக்கா, பாட்டில் தானா ரொம்பல. எலி சரியாக் குடிக்கல, அவ்வளவுதான். மாத்திரை இனிச்சது சர்க்கரையால. நெஞ்சு மெதுவா அடிச்சது வியாதியால. அதுல ஒண்ணு கூட அவர் குடுத்தது இல்ல.” அவள் பாட்டிலை விரலால் தட்டினாள். “இது மட்டும்தான் அவர் நெசமா குடுத்தது. பேர் போட்டு வெச்சிட்டுப் போயிருக்கார். யாருக்குன்னு படிங்க.”

டாக்டரம்மா ரொம்ப நேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது.

பிறகு வாயைத் திறந்தாள்.

வால் மூடியில் ஒரு மாத்திரையைப் போட்டபோது, வாசலில் நின்ற ஆஸ்பத்திரி டாக்டர் ஓடிவந்தார். “முழுசா குடுக்காதீங்க! இத்தன நாள் மந்தமா இருந்த நெஞ்சு, ஒரேயடியா வேகம் எடுத்தா தாங்காது. கால் மாத்திரையில ஆரம்பிக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.”

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாடம் படித்தவள்தான், ஆனாலும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

“கொஞ்சம் கொஞ்சமாவா?”

“ஆமா. அவசரமே இல்ல.”

“அப்ப சரி,” என்றாள். வால் உடைத்து மூடியில் போட்ட கால் துண்டைப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். “சப்புன்னு இருக்கு,” என்றாள்.

மெஷின் மெதுவாக ஒரு கோட்டை எழுப்பியது. காத்திருந்தது. இன்னொன்றை எழுப்பியது.

வெளியே வந்ததும் வால் வராந்தாத் தூணில் சாய்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“சார், எனக்கு வேற பேர் வைங்க.”

“ஏன்?”

“நாளைக்கு நீங்க செத்துட்டா, ‘வாலுக்கு’ன்னு எழுதின பாட்டிலப் பாத்துட்டு எவனாவது தெரு நாய்க்குப் போட்டுடுவான்.”

இதைப் படிக்கிற உங்களிடம் நான் நேராகவே ஒன்று கேட்கிறேன். உங்களை ஒரே ஒருவர் மட்டும் கூப்பிட்ட பெயர் ஒன்று இருக்கும். வேறு யாருக்கும் தெரியாத பெயர். அவர் இப்போது இல்லாமலும் இருக்கலாம். அது என்ன பெயர், அவர் உங்களை ஏன் அப்படிக் கூப்பிட்டார்? கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.